கோவைப் பட்டறையும் உலக ஊடகங்களும்: முருகானந்தத்தின் நாப்கின் இயந்திரம் குறித்த நிகழ்வு ஆய்வு

2014ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிபிசி இணையதளம் கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டது. அடுத்த மாதம் வந்த டைம் இதழின் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியலில், நரேந்திர மோடி, அரவிந்த் கேஜ்ரிவால், அருந்ததி ராய் ஆகியோரின் பெயர்களோடு அவர் பெயரும் இருந்தது. 2016இல் பத்மஸ்ரீ விருது, 2018இல் அவர் வாழ்க்கையைத் தழுவிய இந்தித் திரைப்படம், 2019இல் அவருடைய இயந்திரத்தை மையமாகக் கொண்ட ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் என்று வெளிச்சம் தொடர்ந்துகொண்டே போயிற்று. பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர், மலிவான நாப்கின் இயந்திரம் ஒன்றைச் செய்து விற்றதற்கு உலக ஊடகங்கள் இவ்வளவு இடம் ஒதுக்கின.

விளம்பரத்துக்குப் பணமில்லாத சிறு தொழில் நடத்துபவர்களும், முதல் புத்தகத்தை அச்சிட்டு வைத்துக்கொண்டு ஒரு மதிப்புரையாவது வராதா என்று காத்திருக்கும் எழுத்தாளர்களும் இதை ஊக்கம் தரும் கதையாகவே பெரும்பாலும் கேட்டிருப்பார்கள். ஊக்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நடந்ததை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொரு கணக்கு தெரிகிறது. ஊடகங்கள் எதைப் பிடித்துக்கொண்டன, எந்தக் கட்டத்தில் பிடித்துக்கொண்டன, அதைப் படித்தவர்களில் யார் பணம் கொடுத்து வாங்கக்கூடியவர்களாக இருந்தார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த நிகழ்வில் ஓரளவு தெளிவான விடை கிடைக்கிறது. மூன்றாவது கேள்வியே முக்கியமானது என்பது என் கருத்து. ஊடக வெளிச்சத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் தொடாத கேள்வியும் அதுதான்.

இயந்திரமும் அதன் விற்பனையும்

முருகானந்தம் கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை விபத்தில் இறந்த பிறகு, பதினான்கு வயதில் பள்ளியை விட்டார். 1998இல் திருமணம் நடந்தது. மனைவி மாதவிடாய் நாட்களில் பழந்துணியைப் பயன்படுத்துவதையும், கடை நாப்கின் வாங்கினால் வீட்டுச் செலவுக்குக் கட்டுப்படியாகாது என்று அவர் சொன்னதையும் தொடர்ந்து, தானே நாப்கின் செய்து பார்க்கத் தொடங்கினார். வெறும் பஞ்சில் செய்தது தேறவில்லை. பெரிய நிறுவனங்களின் நாப்கினுக்குள் இருப்பது பருத்திப் பஞ்சு இல்லை, மரக்கூழ் என்பதைக் கண்டுபிடிக்கவே இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அந்த மரக்கூழை நாப்கினாக மாற்ற வெளிநாடுகளில் பயன்பட்ட இயந்திரங்களின் விலை கோடிகளில் இருந்தது. அதே வேலையைச் சிறு அளவில் செய்யும் இயந்திரத்தை உருவாக்க அவருக்கு மேலும் நாலரை ஆண்டுகள் பிடித்தன.

இயந்திரத்தின் அமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் ஊடகங்கள் அதை ஏன் விரும்பின என்பதற்கான காரணத்தில் பாதி அந்த அமைப்பிலேயே இருக்கிறது. கெட்டியான மரக்கூழ்த் தாளை, சமையலறை மிக்சியைப் போன்ற ஒரு பகுதி அரைத்துப் பஞ்சாக்குகிறது. அந்தப் பஞ்சை அச்சில் இட்டு அழுத்தினால் நீள்சதுரத் திண்டு கிடைக்கிறது. திண்டை நெய்யாத துணியால் சுற்றி ஓரத்தை ஒட்டுகிறார்கள். கடைசியாகப் புறஊதாக் கதிர் பெட்டிக்குள் வைத்துக் கிருமி நீக்குகிறார்கள். ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஒளிபடக் கலைஞர் ஒருவர் அந்த அறைக்குள் நுழைந்தால், நான்கு பெண்கள் நான்கு வேலைகளைச் செய்துகொண்டிருக்கும் காட்சி ஒரே சட்டகத்தில் அடங்கிவிடும். கீழே விளக்கம் எழுதாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று பார்ப்பவருக்குப் புரியும். மென்பொருள் விற்பவருக்கோ, கணக்குத் தணிக்கையாளருக்கோ, நாவலாசிரியருக்கோ இந்த வசதி இல்லை.

அவர் நாப்கினை விற்கவில்லை, நாப்கின் செய்யும் இயந்திரத்தை விற்றார் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். பிபிசி கட்டுரை எழுதப்பட்ட காலத்தில் கையால் இயக்கும் இயந்திரத்தின் விலை ஏறத்தாழ 75,000 ரூபாய். வாங்கியவர்களில் பெரும்பாலோர் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் தொண்டு நிறுவனங்களும். ஒவ்வொரு குழுவும் தன் நாப்கினுக்குத் தானே ஒரு பெயர் வைத்து, நாளொன்றுக்கு 200 முதல் 250 வரை செய்து, ஒன்று சராசரியாக இரண்டரை ரூபாய்க்கு விற்றது. ஆகவே ஒரே தொழிலுக்குள் இரண்டு சந்தைகள் இருந்தன. ஒன்றில் நாடு முழுதும், ஏன் கடல் கடந்தும் சிதறிக் கிடக்கும், எண்ணிக்கையில் குறைந்த இயந்திர வாங்குநர்கள். மற்றொன்றில் ஒரு கிராமத்துக்குள், அடுத்த தெருவில், முகம் தெரிந்த பெண்கள்.

சான்று வந்த பிறகே செய்தி வந்தது

முருகானந்தத்தின் கதையில் நாடகத்தனமான பகுதிகள் எல்லாம் அவர் செய்தியாவதற்கு முந்தையவை. கால்பந்தின் உள்பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பி, இடுப்பில் கட்டிக்கொண்டு, தானே நாப்கின் அணிந்து நடந்தும் சைக்கிள் ஓட்டியும் சோதித்தார். கறைபட்ட துணிகளைப் பொதுக் கிணற்றடியில் துவைத்தார். ஊர் வேறு விதமாகப் பேசியது. மனைவி பிரிந்து சென்றார், பிறகு தாயும் வீட்டைவிட்டுப் போனார், கடைசியில் அவரே ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. இவை நடந்துகொண்டிருந்தபோது எந்தச் செய்தியாளரும் வரவில்லை. வந்திருந்தால்கூட, மனநிலை பிறழ்ந்த ஒருவரைப் பற்றிய வேடிக்கைச் செய்தியாகத்தான் அது அச்சாகியிருக்கும்.

திருப்பம் சென்னை ஐஐடியில் ஏற்பட்டது. பெரும்பகுதி மரத்தால் ஆன தன் இயந்திரத்தை அவர் 2006இல் அங்கே காட்டியபோது, பன்னாட்டு நிறுவனங்களோடு இது எப்படிப் போட்டியிடும் என்ற ஐயம் அங்கிருந்தவர்களுக்கு இருந்தது. இருந்தும் தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் அடித்தளக் கண்டுபிடிப்பாளர்களுக்கான போட்டிக்கு ஐஐடி வழியாகவே அந்த இயந்திரம் சென்றது. பிபிசி தரும் கணக்குப்படி 943 பதிவுகளில் அது முதலிடம் பெற்றது. குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் கையால் விருது வாங்கினார். அதற்குப் பிறகுதான் பத்திரிகைகள் அவரைத் தேடி வந்தன; பிரிந்திருந்த மனைவியின் தொலைபேசி அழைப்பும், ஐந்தரை ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தச் செய்திகளைத் தொடர்ந்தே வந்தது.

இந்த வரிசை தற்செயலானது இல்லை. ஒரு மாவட்ட நிருபரால் நாப்கினின் உறிஞ்சும் திறனை அளந்து பார்க்க முடியாது, ஒரு நாவலின் தரத்தை அரை மணி நேரத்தில் முடிவு செய்யவும் முடியாது. அவருடைய மேசைக்கு வரும் செய்திக்குறிப்புகள் எல்லாமே தங்கள் பொருள் புதுமையானது, தரமானது, மலிவானது என்றுதான் சொல்கின்றன. அந்தக் கூட்டத்தில் ஒன்றைப் பிரித்தெடுக்க அவருக்கு மூன்றாம் ஆள் ஒருவரின் சொல் வேண்டும். நாளைக்கு ஏதேனும் கேள்வி எழுந்தால் ஆசிரியரிடம் காட்டுவதற்கும் அது வேண்டும். ஐஐடியின் பெயரும் குடியரசுத் தலைவரின் விருதும் அந்தப் பொறுப்பைச் செய்தியாளரின் தோளிலிருந்து இறக்கி வைத்தன.

சிறு தொழில் நடத்துபவர் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் செய்தி வரட்டும், அதைக் காட்டிச் சான்றோ கடனோ விருதோ வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து, சான்றே இல்லாமல் நாளிதழ் அலுவலகப் படியேறுகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு விருது கொடுக்கும் அமைப்புகளிடம் ஏமாறுவதும் இந்த அவசரத்தில்தான். ஆய்வகச் சோதனைக்கு ஆகும் செலவு அந்த விருதுகளின் கட்டணத்தைவிடக் குறைவாகவே இருக்கும். நாப்கினுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 5405 என்ற தரக்குறிப்பு இருக்கிறது. கோவையிலேயே மருத்துவத் துணிகளுக்கான ஆய்வு வசதி சிட்ரா எனப்படும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தில் இருக்கிறது. உணவுப் பொருளுக்கும் விதைக்கும் பம்புசெட்டுக்கும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. அங்கே வாங்கிய ஒரு பக்கச் சோதனை அறிக்கை, பத்துப் பக்கத் தற்புகழ்ச்சியைவிட நிருபருக்குப் பயன்படும்.

கதையும் அதன் எண்களும்

சான்று கதவைத் திறந்துவிட்டது. ஆனாலும் விருது பெற்ற எத்தனையோ கண்டுபிடிப்பாளர்கள் மறுநாள் செய்தியோடு மறைந்துபோயிருக்கிறார்கள். முருகானந்தத்தின் செய்தி பல ஆண்டுகள் நீடித்ததற்குக் காரணம், அவர் சொன்ன விதம். 2012இல் பெங்களூரில், சிறு உரைகளை இணையத்தில் வெளியிடும் டெட் அமைப்பின் மேடையில் அவர் பேசிய காணொளியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பள்ளிக்கூடத்தில் கற்காத, வேலையில் பொறுக்கிச் சேர்த்த ஆங்கிலத்தில், எந்த இடத்தில் அவை சிரிக்கும் என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டு பேசுகிறார். நிலவில் முதலில் கால் வைத்தவர், எவரெஸ்டில் முதலில் ஏறியவர்கள் என்று வரிசையாகச் சொல்லி, நாப்கின் அணிந்த முதல் ஆண் தான் என்று முடிக்கும் வேடிக்கையை அவர் பல மேடைகளில் பயன்படுத்தியிருக்கிறார். கேட்ட செய்தியாளருக்குத் தலைப்பு அங்கேயே கிடைத்துவிடுகிறது.

கதையின் தொடக்கம் கணவன் மனைவிக்கு இடையே நடந்த ஓர் உரையாடல். ஊரார் அருவருத்த ஒரு பொருளை ஆண் ஒருவர் கையில் எடுத்தது அதன் சிக்கல். குடும்பத்தை இழந்தது அவர் கொடுத்த விலை. மனைவி திரும்பி வந்தது முடிவு. இப்படிச் சொல்லிப் பார்த்தால், இயந்திரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமலேயே கதை நிறைவடைந்துவிடுவது தெரியும். இதில் ஓர் உறுத்தலும் இருக்கிறது. ஒவ்வொரு முறை இந்தக் கதை சொல்லப்படும்போதும் ஒரு பெண் தன் கணவரை விட்டுச் சென்றதும் சேர்ந்தே சொல்லப்படுகிறது. உலகம் அறிந்த அந்த நிகழ்வில் அவர் பக்கத்து நியாயத்துக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. குடும்பத்தை முன்வைத்துக் கதை சொல்ல விரும்பும் தொழில்முனைவோரும் தன்வரலாறு எழுதும் ஆசிரியரும் முதல் பேட்டிக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று பேசி முடித்துவிடுவது நல்லது. இரண்டாவது பேட்டிக்குள் அது பொதுச் சொத்தாகிவிடும்.

எண்களும் இந்தக் கதையைச் சுமந்து சென்றன. இறக்குமதி இயந்திரத்தின் விலை மூன்றரைக் கோடி, இவருடையது ஒரு லட்சத்துக்கும் கீழே என்ற ஒப்பீடு எந்தத் துணையாசிரியருக்கும் பிடித்துவிடும். இன்னோர் எண்ணின் வரலாறு அவ்வளவு நேர்த்தியானது இல்லை. இந்தியப் பெண்களில் 12 சதவீதத்தினரே நாப்கின் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு, ஏசி நீல்சன் நிறுவனத்தின் ஓர் ஆய்விலிருந்து வந்தது. பிபிசி கட்டுரையிலும் அது இருக்கிறது, அதற்கு முன்னும் பின்னும் எண்ணற்ற கட்டுரைகளிலும் இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் பெண்களிடம் மட்டும் நடத்தப்பட்ட ஆய்வு அது. 2015–16ஆம் ஆண்டுக்கான நான்காவது தேசியக் குடும்ப நல ஆய்வு 15 முதல் 24 வயதுவரையுள்ள பெண்களிடம் கேட்டபோது, நாப்கின் பயன்படுத்துவோர் 42 சதவீதம் என்று தெரியவந்தது. வயது வரம்பு வேறு, ஆண்டு வேறு, ஆகவே இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது என்பது உண்மையே. ஆனாலும் நாடு தழுவிய ஆய்வின் எண் வந்த பிறகும் பழைய 12 சதவீதம் கட்டுரைகளில் உலவிக்கொண்டுதான் இருந்தது. கவர்ச்சியான எண் கைக்குக் கிடைத்தால் அதை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. தன் செய்திக்குறிப்பில் ஓர் எண்ணைச் சேர்ப்பவர், அது எங்கிருந்து வந்தது, எத்தனை பேரிடம் கேட்டது என்பதையும் அதே வரியில் எழுதிவிட்டால், பிற்பாடு வரும் தலைவலியைத் தவிர்க்கலாம்.

வெளிச்சம் யாரை வாங்கவைத்தது

2014இல் பிபிசி எழுதியபோதே இயந்திரம் 23 மாநிலங்களில் 1,300 கிராமங்களைச் சென்றடைந்திருந்தது. அதாவது உலகப் புகழ் வருவதற்கு முன்பே தொழில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் 250 இயந்திரங்களைச் செய்ய அவருக்குப் பதினெட்டு மாதங்கள் ஆயின. அவற்றைப் பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களுக்குக் கொண்டுசென்றார். செய்தி வந்தபோது விற்பதற்கு அவரிடம் சரக்கு இருந்தது, விலை தீர்மானமாகியிருந்தது, ஏற்கெனவே வாங்கியவர்கள் சாட்சி சொல்லத் தயாராக இருந்தார்கள். புத்தகம் கடைக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்பே பேட்டி கொடுத்துவிட்டு, புத்தகம் வந்த வாரத்தில் யாரும் சீந்தவில்லையே என்று வருந்தும் எழுத்தாளர்களை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

உலக ஊடகங்கள் கொண்டுவந்த வாங்குநர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் ஹாப்பூர் மாவட்டத்துக் காதிகேரா கிராமம் நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பள்ளி ஒன்றின் மாணவிகளும் ஆசிரியையும் நிதி திரட்டி, அந்தக் கிராமத்தில் ஓர் இயந்திரத்தை நிறுவ உதவினார்கள். ஊர்ப் பெண்கள் தங்கள் நாப்கினுக்கு ஃப்ளை என்று பெயர் வைத்தார்கள். அந்த முயற்சியைப் படம்பிடித்த குறும் ஆவணப்படமே 2019 பிப்ரவரியில் ஆஸ்கர் பெற்றது. கோவைக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையே எந்த விற்பனைப் பிரதிநிதியும் இல்லை. கதை மட்டுமே அந்தத் தொலைவைக் கடந்தது. பணம் கொடுத்தவர்கள் அந்த நாப்கினைப் பயன்படுத்தப்போகிறவர்கள் இல்லை, வேறு யாருக்கோ வாங்கித் தரும் மனமும் வசதியும் உள்ளவர்கள். ஆங்கிலக் கட்டுரையும் டெட் காணொளியும் சரியாக இந்த வகையினரைத்தான் சென்றடையும்.

முருகானந்தத்துக்கு ஊடக வெளிச்சம் பலன் தந்ததற்கு அடிப்படைக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். எண்ணிக்கையில் குறைந்த, தொலைவில் சிதறிக் கிடக்கும், ஒரே முறை பெரிய தொகை கொடுக்கும் வாங்குநர்களைக் கொண்ட பொருள் அவருடையது. அத்தகையவர்களைத் தேடிப்பிடிக்க விளம்பரத்தாலோ நேரில் அலைவதாலோ ஆகாது. அவர்களே தேடி வரும்படி செய்ய நாடளாவிய செய்தியால் மட்டுமே முடியும். அதே கட்டுரை, இரண்டரை ரூபாய் நாப்கினை வாங்க வேண்டிய பெண்ணிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால், இல்லை. அவரிடம் அதைக் கொண்டுசேர்த்தது அண்டைவீட்டுக் குழு உறுப்பினரின் வாய்ச்சொல். கடையில் ஆண் விற்பனையாளரிடம் கேட்கக் கூச்சப்பட்ட பெண்கள் அதே பொருளைத் தெரிந்த பெண்ணிடம், தேவைக்கு ஒன்றிரண்டாக, சில சமயம் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் பண்டமாற்றாகக்கூட வாங்கினார்கள்.

திரைப்படமும் புத்தகமும்

2013இல் சிங்கப்பூரைச் சேர்ந்த அமித் விர்மானி இவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்திருந்தார். ட்விங்கிள் கன்னா 2016இல் வெளியிட்ட ஆங்கிலச் சிறுகதைத் தொகுப்பில் உள்ள நான்கு கதைகளில் ஒன்று முருகானந்தத்தின் வாழ்க்கையைத் தழுவியது. அதே வாழ்க்கையை வைத்து ஆர். பால்கி இயக்கத்தில் அக்‌ஷய் குமார் நடித்த ‘பேட்மேன்’ 2018 பிப்ரவரி 9ஆம் தேதி வெளியானது. படத்தின் நாயகன் பெயர் லட்சுமிகாந்த் சௌஹான். கதை நடக்கும் இடம் மத்தியப் பிரதேசத்தின் மகேஷ்வர். கோவைப் பட்டறையும் தமிழ்ப் பேச்சும் நர்மதைக் கரைக்கு இடம்பெயர்ந்துவிட்டன. வணிகப் படத்துக்கு அது இயல்பான முடிவுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் தன் கதையைப் பிறருக்குத் தரும் தொழில்முனைவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. வெளிச்சம் பெரிதாகப் பெரிதாக, அதில் உங்கள் ஊரும் நிறுவனப் பெயரும் மங்கிக்கொண்டே போகும். படம் பார்த்த கோடிக்கணக்கானோரில் இயந்திரம் செய்யும் நிறுவனத்தின் பெயர் ஜெயஸ்ரீ இண்டஸ்ட்ரீஸ் என்று தெரிந்தவர்கள் மிகச் சிலரே. உள்ளூர் நாளிதழின் கால் பக்கச் செய்தியில் பெயரும் முகவரியும் தெளிவாக இருக்கும், படிப்பவர் சில ஆயிரம் பேர்தான்; திரைப்படத்தில் அதற்கு நேர்மாறு.

ட்விங்கிள் கன்னாவின் புத்தகத்தை எழுத்தாளர்களுக்கான முன்மாதிரியாகக் கொள்ள முடியாது. அவர் ஏற்கெனவே அறியப்பட்ட நடிகை, பத்தி எழுத்தாளர். அவருடைய புத்தகம் வெளிவருவதே செய்தி. தமிழில் சிறு பதிப்பகம் ஒன்றின் வழியாக முதல் நூலைக் கொண்டுவரும் ஒருவரின் நிலை முருகானந்தத்தின் தொடக்க நிலைக்குத்தான் நெருக்கமானது. புத்தகம் வந்திருக்கிறது என்பது அவருக்கும் பதிப்பாளருக்கும்தான் செய்தி. சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி டிசம்பர், ஜனவரி மாதங்களில் நூல்கள் குவிந்து வெளிவரும்போது, மதிப்புரைக்கென இரண்டு பிரதிகள் வந்த உறைகள் பத்திரிகை அலுவலகங்களில் அடுக்கடுக்காகப் பிரிக்கப்படாமல் கிடப்பதுண்டு. அந்த அடுக்கில் மேலும் ஓர் உறையைச் சேர்ப்பதைவிட, நூல் எதைப் பற்றியதோ அந்தப் பொருள் பேசப்படும் நாளுக்காகக் காத்திருப்பது புத்திசாலித்தனம். கைத்தறியைப் பற்றிய நூலுக்கு ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள் இருக்கிறது. மாதவிடாய் நலம் பற்றிய நூலுக்கு மே 28 உலக மாதவிடாய் சுகாதார நாள் இருக்கிறது. அந்த வாரங்களில் இணைப்பிதழ்ப் பொறுப்பாசிரியர்கள் எழுதத் தெரிந்த, விஷயம் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆசிரியரே அறுநூறு சொற்களில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால், கட்டுரையின் அடியில் நூலின் பெயரும் பதிப்பகத்தின் பெயரும் வந்துவிடும். மதிப்புரைக்குக் காத்திருந்து வாடுவதைவிட இது மேல் என்பது என் எண்ணம், மதிப்புரை கௌரவம் தரும் என்பதை மறுக்காமலே சொல்கிறேன்.

சந்தை வளர்ந்தபோது

மாதவிடாயைப் பற்றிப் பொதுவெளியில் பேசும் கூச்சம் குறைந்ததில் முருகானந்தத்தின் கதைக்குப் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்று அளந்து சொல்ல வழியில்லை, ஏனெனில் அதே காலத்தில் வேறு பல கைகளும் வேலை செய்தன. தமிழ்நாடு அரசு 2011–12இல் புதுயுகம் திட்டத்தைக் கொண்டுவந்து, வளரிளம் பெண்களுக்கு இலவசமாக நாப்கின் வழங்கத் தொடங்கியது. விஸ்பர் என்ற நாப்கின் பிராண்டு, மாதவிடாய் நாட்களில் ஊறுகாயைத் தொடக் கூடாது என்ற வழக்கத்தை எதிர்த்து 2014இல் நடத்திய விளம்பர இயக்கம் அடுத்த ஆண்டு கான் விளம்பர விழாவில் பெரும் பரிசு பெற்றது. நாப்கினுக்கு 12 சதவீத ஜிஎஸ்டி விதித்ததற்கு எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, 2018 ஜூலையில் அந்த வரி நீக்கப்பட்டது. அதே ஆண்டு மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் சுவிதா என்ற நாப்கின் இரண்டரை ரூபாய்க்கு வந்தது. 2019 ஆகஸ்டில் அதன் விலை ஒரு ரூபாயாகக் குறைக்கப்பட்டது. குழுப் பெண்கள் செய்து விற்ற நாப்கினுக்கு இது நேரடிப் போட்டி.

விளைவை தேசியக் குடும்ப நல ஆய்வின் இரு சுற்றுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 15 முதல் 24 வயதுவரையுள்ள பெண்களில் கடை நாப்கின் பயன்படுத்துவோர் 2015–16இல் 42 சதவீதமாக இருந்து, 2019–21இல் 64 சதவீதமாக உயர்ந்தனர். துணி பயன்படுத்துவோர் 62இலிருந்து 50 ஆகக் குறைந்தனர். உள்ளூரில் செய்த நாப்கினைப் பயன்படுத்துவோர் முதல் சுற்றில் 16 சதவீதம், அடுத்ததில் 15. (ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்டதைச் சொல்லியிருக்கலாம் என்பதால் கூட்டுத்தொகை நூறைத் தாண்டும்.) டைம் பட்டியலும் பத்மஸ்ரீயும் திரைப்படமும் ஆஸ்கரும் இந்த ஆண்டுகளை ஒட்டி வந்தவைதான். பழக்கம் பரவியது, பரவிய பழக்கத்தின் பலனோ, ஊர்தோறும் கடைகளில் சரக்கை நிறுத்தி வைக்க முடிந்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

ஒரு கிராமத்துக் குழு இதை மாற்ற வேண்டுமானால், டைம் இதழால் அதற்கு ஆவது ஒன்றுமில்லை. அந்தக் குழுவுக்குத் தேவையான ஊடகம் மாவட்டப் பதிப்பின் உள்பக்கமும், உள்ளூர்க் கேபிள் சேனலும், பண்பலை வானொலியின் மகளிர் நிகழ்ச்சியும்தான். அங்கே அனுப்பும் குறிப்பு அரைப் பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை. குழு எங்கே இருக்கிறது, எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள், ஒரு நாப்கின் என்ன விலை, எந்த ஆய்வகத்தில் சோதித்தார்கள், எந்தெந்தப் பள்ளி விடுதிக்கும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும் ஏற்கெனவே கொடுத்து வருகிறார்கள், எங்கே போனால் வாங்கலாம் என்ற விவரங்களோடு, வேலை நடக்கும்போது எடுத்த தெளிவான படம் ஒன்றும், மாலை நான்கு மணிக்கு நிருபர் கூப்பிட்டால் எடுத்துப் பேசக்கூடிய ஒருவரின் கைபேசி எண்ணும் இருந்தால் போதுமானது. செய்தி வந்த வாரத்தில் அக்கம்பக்கத்துப் பத்து ஊர்களின் பெட்டிக்கடைகளிலும் மருந்துக்கடைகளிலும் சரக்கு இருக்க வேண்டும். அந்தச் செய்தியின் நகலைக் கடைக்காரரிடம் காட்டி, முதல் இருபது பொட்டலங்களை விற்ற பிறகு பணம் தந்தால் போதும் என்று பேசி வைக்க, குழுவில் ஒருவர் முந்தின வாரமே புறப்பட்டுப் போயிருக்க வேண்டும்.